தூண்டிலை எடுக்குமுன் ஆற்றைக் கேட்போம்



தோட்டத்தில் வாழும் நமக்கு மழைக்கும் மீனுக்கும் உள்ள உறவு புதியதன்று. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்மரத்தின் பட்டை நனைந்துவிடும். அன்று வெட்டு இல்லை. பிரட்டிலிருந்து வீடு திரும்பிய ஆண்கள் சூடாக ஒரு கோப்பை தேநீர் குடிப்பார்கள். வானம் சற்று வெளுத்ததும் கூரை இடுக்கில் செருகி வைத்த தூண்டில் கைக்கு வந்துவிடும். வாழைமரத்து ஓரத்தில் இரண்டு கொத்துக் கொத்தினால் மண்புழுவுக்குப் பஞ்சமில்லை. "புளியைக் கரைத்து வை, மீன் கொண்டு வருகிறோம்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுவார்கள். பையன்களும் பின்னாலேயே ஓடுவார்கள்.

இதில் நாம் கவனிக்கத் தவறுகிற ஒன்று உண்டு. நமக்கு ஓய்வு கொடுத்த அதே மழைதான் ஆற்றையும் பெருக்குகிறது. வேலை இல்லாத நாளும் ஆறு பொங்குகிற நாளும் பல சமயங்களில் ஒரே நாளாக அமைந்துவிடுகின்றன. ஆகையால், ஆற்றின் நீரோட்டத்தை முன்கூட்டியே அறிந்துகொண்டு மீன் பிடிக்கப் போவது எப்படி என்பதை இன்று பார்ப்போம். இதனால் இரண்டு நன்மைகள் உண்டு. கூடையில் மீன் விழும். போனவர்கள் அனைவரும் வீடு திரும்புவார்கள். முதல் நன்மை கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. இரண்டாவது கிடைத்தே ஆகவேண்டும்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்கிறோம். எங்கள் தோட்டத்து எல்லையில் ஒரு சிற்றாறு ஓடியது. நடுவில் ஒரு மணல்திட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பெரியப்பாவுடன் நாங்கள் மூவர் அந்தத் திட்டில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. தலைக்கு மேலே நல்ல வெயில். தூரத்து மலைப்பக்கம் மட்டும் கறுத்திருந்தது. "அது மலையில் பெய்கிற மழை, இங்கே வர நேரமாகும்" என்றார் பெரியப்பா. அவர் சொன்னபடி மழை வரவில்லை. தண்ணீர் வந்தது.

முதலில் காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. பிறகு தண்ணீர் கலங்கியது. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியப்பா சட்டென்று அதைக் கீழே போட்டார். இளையவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, எங்கள் இருவரின் கைகளையும் பிடித்து இழுத்தார். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது மணல்திட்டைக் காணவில்லை. கூடை, செருப்பு, புதிதாக வாங்கிய தூண்டில் கோல் எல்லாம் போயின. உயிர் மிஞ்சியது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் பக்கத்து டிவிஷனைச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு அந்த வாய்ப்பு இல்லாமற் போயிற்று.

இவ்வாறு திடீரென்று வரும் பெருக்கை மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயேர்' என்பார்கள். தண்ணீரின் தலை என்று பொருள். நல்ல பெயர்தான், தலை நுழைந்தால் உடல் பின்னாலேயே வரும். 1996 ஆகஸ்ட் 29 அன்று பேராவில் கம்பாருக்கு அருகே போஸ் டிப்பாங் என்ற பூர்வகுடி மக்களின் கிராமத்தை, மலையிலிருந்து மரமும் மண்ணுமாக இறங்கிய வெள்ளம் அழித்தது. 44 உயிர்கள் போயின. 2021 ஆகஸ்ட் 18 அன்று கெடாவில் ஜெராய் மலையடிவாரத்திலும், 2022 ஜூலை 4 அன்று பாலிங்கிலும் இதே போன்ற பெருக்கு உயிர்களைப் பலி வாங்கியது. எல்லாவற்றிலும் மழை மேலே பெய்தது. அழிவு கீழே நேர்ந்தது.

இது எப்படி நேருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அங்கு விழும் தண்ணீர் 2 லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம். ஆயிரம் ஏக்கர் மலைச்சரிவில் அதே மழை பெய்தால் 20 கோடி லிட்டர். மண் காய்ந்திருந்தால் அதில் ஒரு பங்கைக் குடித்துக்கொள்ளும். மூன்று நாட்களாக மழை பெய்து மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்தால் அதனால் மேலும் குடிக்க முடியாது. எல்லாம் வழிந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும் வந்துவிடும். ஆகவே, இன்று எவ்வளவு மழை என்று கேட்டால் மட்டும் போதாது. நேற்றும் முந்தாநாளும் எவ்வளவு என்றும் கேட்கவேண்டும்.

இன்னொன்று, ஆற்றின் அளவு. மலையடிவாரத்துச் சிற்றாற்றில் மேலே கொட்டிய மழை ஒரு மணி நேரத்திற்குள்ளேயே கீழே வந்துவிடலாம். பேரா ஆறு, பகாங் ஆறு போன்ற பெரிய ஆறுகளிலோ வெள்ளம் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கும்; மேலே பெய்த மழை கீழ்ப்பகுதிக்கு வர ஒரு நாளோ பல நாட்களோ ஆகும். சிற்றாறு கோபக்காரக் குழந்தை. பெரிய ஆறு பொறுமைசாலிப் பெரியவர். கோபம் வர நேரமாகும், வந்தால் தணியவும் நேரமாகும். முன்னறிவிப்பு பெரிய ஆற்றுக்கு நன்றாகப் பயன்படும். சிற்றாற்றுக்கு நம் கண்ணும் காதும்தான் முதல் காவல்.

இனி, முன்னறிவிப்பை எங்கே பெறுவது என்று பார்ப்போம்.

முதலாவது, வானிலை ஆய்வு இலாகா. ஏழு நாட்களுக்கான வானிலையை ஒவ்வோர் ஊருக்கும் அது வெளியிடுகிறது. தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று படிகளில் எச்சரிக்கை விடுகிறது. இடியுடன் கூடிய மழைக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அது சில மணி நேரத்திற்கு மட்டும் பொருந்தும். இங்கே பலரும் செய்கிற தவறு, தாங்கள் வாழும் ஊரின் வானிலையை மட்டும் பார்ப்பது. நாம் பார்க்கவேண்டியது ஆறு பிறக்கிற மலைப்பகுதியின் வானிலையை.

இரண்டாவது, வடிகால் நீர்ப்பாசன இலாகா. 1932இல் தொடங்கப்பட்ட இந்த இலாகா, நாடெங்கும் ஆறுகளில் மழையையும் நீர்மட்டத்தையும் தானாக அளந்து அனுப்பும் நிலையங்களை வைத்திருக்கிறது. அந்த அளவுகளைப் பொதுமக்கள் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' என்ற இணையப் பக்கத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் நிலையங்களின் பெயர், ஆற்றின் பெயர், அளவெடுத்த நேரம், நீர்மட்டம் எல்லாம் வரிசையாக வரும். பெரியவர்களுக்குப் பழக்கமில்லை என்றால் வீட்டிலிருக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். கைப்பேசியில் விளையாடுகிற பிள்ளைக்கு இது நல்ல வேலை.

மூன்றாவது, தேசிய வெள்ள முன்னறிவிப்புத் திட்டம். இதையும் அதே இலாகாதான் நடத்துகிறது. கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களின் பெரிய ஆறுகளில் முதலில் தொடங்கிப் பிற ஆறுகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. வெள்ளம் வரக்கூடும் என்பதை 7 நாட்களுக்கு முன்னரே கணிப்பதும், 2 நாட்களுக்கு முன்னர் எச்சரிப்பதும் இதன் நோக்கம்.

நீர்மட்ட அட்டவணையை எப்படிப் படிப்பது? அதில் நான்கு நிலைகள் உண்டு: சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து. மலாயில் நோர்மல், வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று போட்டிருக்கும். இங்கே இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது.

ஒன்று, அட்டவணையில் 22 மீட்டர் என்று இருந்தால் ஆற்றின் ஆழம் 22 மீட்டர் என்று பொருளல்ல. பெரும்பாலும் அது கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், 2 மீட்டர் என்று இருந்தால் துணிந்து இறங்கவும் வேண்டாம். எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதே நமக்கு முக்கியம்.

மற்றொன்று, இந்த நான்கு நிலைகளும் வெள்ள அபாயத்தைக் கருதி வகுக்கப்பட்டவை. ஆற்றுக்குள் இறங்கி நிற்கும் மனிதனுக்காக வகுக்கப்பட்டவை அல்ல. ஆகவே 'சாதாரணம்' என்று பச்சை நிறத்தில் இருந்தாலும், ஆற்றின் நடுவில் நிற்பவருக்கு அது பத்திரம் என்று அர்த்தமாகாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். நாம் போகும் இடத்திற்கு மேலே ஒரு நிலையம் இருக்கிறது. அதன் விழிப்பு நிலை 22.50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு 21.40, இரவு 9 மணிக்கு 21.75, நள்ளிரவு 12 மணிக்கு 22.30. முதல் மூன்று மணி நேரத்தில் 35 சென்டிமீட்டர் ஏறியது. அடுத்த மூன்று மணி நேரத்தில் 55 சென்டிமீட்டர். இன்னும் நிறம் பச்சைதான். ஆனால் ஏற்றத்தின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. அந்தத் தண்ணீர் ஞாயிறு காலையில் நாம் நிற்கும் கரைக்கு வந்து சேரும். அன்று போகக்கூடாது.

இன்னொரு வாரம் அதே நிலையத்தில் 22.30, 22.10, 21.95 என்று இறங்கிவருகிறது. மலையில் புதிய மழையும் இல்லை. அது நல்ல சகுனம். ஒரே 22.30தான், ஏறுகிற போது அது எமன், இறங்குகிற போது அது நண்பன்.

மேலே ஏறிய தண்ணீர் நம் இடத்திற்கு வர எத்தனை மணி நேரம் ஆகும்? இதை எந்த அட்டவணையும் நம் படித்துறைக்கென்று தனியாகச் சொல்லாது. நாமே கண்டுபிடிக்கலாம். ஆற்றங்கரையில் அழுத்தமாக ஒரு கம்பை நட்டு, ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஒரு கோடு போடுங்கள். மேல் நிலையத்தில் நீர் ஏறத் தொடங்கிய நேரத்தையும், நம் கம்பில் ஏறத் தொடங்கிய நேரத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். நாலைந்து மழைக்குப் பின் ஒரு கணக்குத் தெரிந்துவிடும். அதிலும், மிகக் குறைவாக எடுத்துக்கொண்ட நேரத்தையே நம்புங்கள்; சராசரியை நம்பவேண்டாம். ஏனெனில் மண் ஊறியிருக்கும் நாளில் தண்ணீர் வழக்கத்தைவிட விரைந்து வரும். கம்பைப் பார்க்கப் போகிறவரும் கரைமேல் நின்றே பார்க்கவேண்டும்.

அடுத்து, மீன். நீரோட்டம் தெரிந்தவருக்கு மீனின் இருப்பிடமும் தெரியும்.

தண்ணீர் மெதுவாக ஏறி, சற்றே கலங்கத் தொடங்கும் நேரம் பாவுங், கெளுத்தி போன்ற மீசை மீன்களுக்கு உகந்தது. இவை கண்ணைவிட மீசையையும் மோப்பத்தையும் நம்பி இரை தேடுபவை. கரைமண் கரைந்து புழுக்கள் விழுவதால் ஓரத்திற்கு வரும். ஆனால் இது ஏறுகிற தண்ணீர் என்பதை மறக்கவேண்டாம். உயர்ந்த கரையில் நின்று போடுபவருக்கு மட்டுமே இது பொருந்தும்.

ஆறு செந்நிறமாகி மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு ஓடும்போது எந்த மீனும் தூண்டிலைத் தேடி வராது. அவையும் ஓட்டம் குறைந்த ஒதுக்குப்புறங்களில் பதுங்கிவிடும். அன்று ஆற்றுக்குப் போவது வெறும் நஷ்டம்.

வெள்ளம் வடியத் தொடங்கியதும் கரைமேல் பரவியிருந்த தண்ணீர் ஆற்றுக்குத் திரும்புகிறது. மேய்ந்துகொண்டிருந்த சிறு மீன்களும் அதனோடு திரும்புகின்றன. ஓடைகளும் தோட்டத்துக் கால்வாய்களும் ஆற்றில் சேரும் வாய்களில் அவற்றைப் பிடிக்கப் பெரிய மீன்கள் காத்திருக்கும். தண்ணீர் தெளியத் தெளிய, கண்ணால் பார்த்து வேட்டையாடும் செபாராவ் சுறுசுறுப்பாகும். லம்பாம் மரநிழலில் பழம் விழும் இடத்தைத் தேடும். அதற்குச் செம்பனைப் பழமே நல்ல இரை என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆகவே, மழை நாளன்று அவசரப்பட்டு ஓடுவதைவிட, மழை விட்டு நீர் இறங்கும் நாளுக்காகக் காத்திருப்பது மீனுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது. காத்திருந்தவனுக்கே கூடை நிறையும்.

தெலுக் இந்தான் போன்ற கடலோரப் பகுதிகளில் வாழ்பவர்கள் மற்றொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அங்கே பேரா ஆற்றில் கடலின் ஏற்ற இறக்கமும் உண்டு. ஒரு நாளில் இருமுறை ஏறும், இருமுறை இறங்கும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம், ஓட்டமும் வேகம். அட்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் அது குறையும். மலாய்க்காரர்கள் அதை 'ஆயேர் மாத்தி', செத்த தண்ணீர் என்பார்கள். உடாங் காலா என்னும் பெரிய ஆற்று இறாலைத் தூண்டிலில் பிடிப்பவர்கள் இந்த நாட்களையே விரும்புவார்கள். இதற்கு வேறு அட்டவணை தேடவேண்டாம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைப் பார்த்தாலே போதும். அட்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்பார்கள் நம் பாட்டிமார். இறால் பிடிப்பவருக்கோ அதுதான் நல்ல நாள்! ஆனால் மலையில் வெள்ளம் இருக்கும் நேரத்தில் கடலும் ஏறினால், வடிய வழியின்றித் தண்ணீர் கரை தாண்டும். அப்போது நாட்காட்டியை மட்டும் நம்புவது தவறு.

அணைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேரா ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்று வரிசையாக நான்கு மின்சார அணைகள் உள்ளன. செண்டரோ அணை 1930இல் முடிந்தது. மின் உற்பத்திக்காகத் தண்ணீரைத் திறந்துவிட்டால், ஒரு துளி மழை இல்லாமலே கீழே நீர்மட்டம் ஏறும். அணை நிரம்பித் திறக்கும்போது இன்னும் அதிகமாக ஏறும். 2013 அக்டோபர் 23 அன்று கேமரன் மலையில் பலத்த மழைக்குப் பின் ரிங்லெட்டில் உள்ள அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது, கீழேயிருந்த பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியாயின. அணைக்குக் கீழே மீன் பிடிப்பவர்கள் அங்குள்ள அறிவிப்புப் பலகையைப் படிக்கவேண்டும். அபாயச் சங்கு ஊதினால் தூண்டிலைச் சுருட்ட நிற்காமல் மேலே ஏறவேண்டும்.

சரி, ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போக நினைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எப்படித் திட்டமிடுவது?

வியாழக்கிழமை இரவு, மலைப்பகுதியின் வானிலையைப் பாருங்கள். தொடர்மழை எச்சரிக்கை இருந்தால் அந்த வாரம் ஆற்றை மறந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் மேல் நிலையத்தின் நீர்மட்டத்தைக் காலை, மாலை இருவேளையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கு பெய்த மழையின் அளவையும் பாருங்கள். இலாகாவின் கணக்கில் ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் கனத்த மழை. 60க்கு மேல் போனால் மிகக் கனத்த மழை. ஞாயிறு காலை புறப்படுமுன் கடைசியாக ஒருமுறை பாருங்கள். அளவெடுத்த நேரத்தையும் சரிபாருங்கள். கருவி பழுதாகி நேற்றைய எண்ணே நின்றுகொண்டிருக்கலாம். எண் இறங்கிக்கொண்டிருந்தால் போகலாம். ஏறிக்கொண்டிருந்தால் வேண்டாம். தகவல் கிடைக்கவில்லை என்றாலும் வேண்டாம்.

எந்த இடத்திற்குப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பருவமழை மாறும் காலமாகிய ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மேற்குக்கரையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் வரும். ஆகவே காலையிலேயே போய், நண்பகலுக்குள் தூண்டிலைச் சுருட்டிவிடுவது நல்லது. தனியாகப் போகவேண்டாம். மணல்திட்டில் நிற்கவேண்டாம். திரும்பும் வழி தண்ணீரைக் கடக்கும்படியாக இருக்கவேண்டாம்.

எல்லாம் பார்த்துவிட்டுப் போனாலும், ஆற்றங்கரையில் கண்ணை மூடிக்கொள்ளக்கூடாது. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், இலையும் சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தாலும், மேலிருந்து இரைச்சல் கேட்டாலும், மலைப்பக்கம் கறுத்தாலும் உடனே கரையேற வேண்டும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் காரணமின்றிக் குறைந்தாலும் சந்தேகப்படுங்கள். மேலே மரங்கள் அடைத்துக்கொண்டிருக்கலாம், அடைப்பு உடைந்தால் மொத்தமாக வரும். ஆற்றோடு ஓடாதீர்கள், பக்கவாட்டில் மேட்டை நோக்கி ஏறுங்கள். ஓட்டத்தின் வேகம் இருமடங்கானால் அது நம்மைத் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். முழங்கால் அளவுத் தண்ணீரே ஒரு திடகாத்திரமான ஆளை வீழ்த்திவிடும். யாராவது அடித்துச் செல்லப்பட்டால் பின்னாலேயே குதிக்கவேண்டாம். கயிறோ நீண்ட கம்போ நீட்டுங்கள், 999க்கு அழையுங்கள். வெள்ளத்திற்குப் பின் தேங்கிய நீரில் எலிக் காய்ச்சல் பரவும். கால் புண்ணோடு அதில் இறங்காதீர்கள்.

நேயர்களே, ஆழம் அறியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அவர்களுக்குக் கம்பும் கண்ணும் மட்டுமே துணை. நமக்கோ மலையில் பெய்கிற மழையை லயத்தில் உட்கார்ந்தபடியே அறிந்துகொள்ளும் வசதி வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல், வெயிலை மட்டும் பார்த்து ஏமாந்து போகலாமா?

எங்கள் பெரியப்பா அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மீன் பிடித்தார். ஆனால் கரையில் உட்கார்ந்ததும் முதலில் மலையைத்தான் பார்ப்பார். மலை கறுத்திருந்தால், இரை கோத்த முள்ளைக்கூட நீரில் விடாமல் திரும்பிவிடுவார். வெறுங்கூடையோடு வருகிறாரே என்று யாராவது கேலி செய்தால், "மீன் எங்கேயும் போகாது, நான் இருந்தால் அடுத்த வாரம் பிடிப்பேன்" என்பார். நாமும் அப்படியே செய்வோம். கரைத்து வைத்த புளி வீணானாலும் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக்கொள்ளலாம். வாசலில் காத்திருக்கிறவர்களுக்கு நாம் திரும்பி வருவதே பெரிது.